ஜீப்புக்கு எத்தனாம் நம்பர் செருப்பு?

முருகப் பெருமானுக்கு ஒரு சௌகரியம். மயில் வாகனத்துக்கு டயர் கிடையாது, பஞ்சர் கிடையாது, முதுகில் ஸ்டெப்னி சுமக்க வேண்டியதில்லை. திருத்தணியிலோ அவருக்கு இன்னும் விசேஷம். அங்கே சந்நிதிக்கு எதிரே நிற்பது மயில் அல்ல, யானை! தேவயானையைக் கைப்பிடித்தபோது இந்திரன் சீதனமாகக் கொடுத்த ஐராவதம் என்று தல புராணம் சொல்கிறது. மேடோ பள்ளமோ, சேறோ மணலோ, யானைக்கு எல்லாம் ஒன்றுதான்.

நமக்கு மாமனார் ஐராவதம் கொடுப்பதில்லை. கடன் வாங்கி ஜீப்தான் வாங்க வேண்டியிருக்கிறது. வாங்கிய மறு மாதமே வீட்டில் ஒரு பேச்சு ஆரம்பமாகிறது. "டயர் சின்னதா இருக்கும்மா. பெரிசா போடணும். அப்படியே ஸ்பிரிங்கையும் மாத்தி ரெண்டு அங்குலம் தூக்கிட்டா, வண்டி சிங்கம் மாதிரி நிக்கும்!"

சென்னையிலிருந்து திருத்தணி வழியாகத் திருப்பதிக்குப் போகும் சாலையில் சனி, ஞாயிறுகளில் இப்படிப்பட்ட சிங்கங்களைப் பார்க்கலாம். நகரி மலைப் பக்கம் கரடுமுரடான பாதை தேடிப் போகிற வாலிபர்கள் அவற்றில் இருப்பார்கள். பார்க்க உல்லாசமாகத்தான் இருக்கிறது.

'டயரைப் பற்றி எங்களுக்கு என்ன?' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இன்று ஜீப்பைத் தாங்களே ஓட்டுகிற பெண்கள் எத்தனையோ பேர். ஓட்டாதவர்களுக்கோ பின் ஸீட்டு காத்திருக்கிறது. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அங்கே உட்காரப் போகிறவர் நீங்கள். வீட்டுச் செலவில் துண்டு விழுந்தால் ஈடு கட்டுகிறவரும் நீங்கள்தான். ஆகையால் ஒரு கால் மணி நேரம் இந்த விஷயத்தைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஒரே வருஷத்தில் இருவர்

திருத்தணியில் டாக்டர் ராதாகிருஷ்ணன் பிறந்தது 1888-ஆம் வருஷம். அதே 1888-ல்தான், கடல் கடந்து அயர்லாந்தில் உள்ள பெல்பாஸ்ட் நகரில், ஜான் பாய்ட் டன்லப் என்ற கால்நடை வைத்தியர் காற்று அடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். அவருடைய சிறு பையன் மூன்று சக்கர சைக்கிளில் கல் பாவிய தெருவில் போகும்போது உடம்பெல்லாம் அதிர்ந்தது. தகப்பனாருக்கு மனசு கேட்கவில்லை. ரப்பர் குழாயில் காற்றை அடைத்துச் சக்கரத்தைச் சுற்றிக் கட்டிவிட்டார். (இதே யோசனைக்கு ராபர்ட் தாம்ஸன் என்பவர் 1840-களிலேயே காப்புரிமை பெற்றிருந்தார், உலகம் அதை மறந்துவிட்டிருந்தது.)

ஆக, டயர் பிறந்தது பந்தாவுக்கு அல்ல. ஒரு குழந்தையின் உடம்பு நோகக் கூடாது என்பதற்காக. டயர் மாற்றுகிற ஒவ்வொரு வீட்டிலும் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ரப்பர் இயற்கையில் வெண்மையானது. கரித்தூள் சேர்ப்பதால்தான் கறுப்பாகிறது. தேய்மானத்துக்கு ஈடு கொடுக்கும் பலமும் அதனாலேயே வருகிறது. திருத்தணிக்காரர்களுக்கு டயர் அந்நியச் சரக்கும் அல்ல. 1946-ல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மைப் பலூன் செய்ய ஆரம்பித்தவர் மாம்மன் மாப்பிள்ளை. அதுவே மெட்ராஸ் ரப்பர் பாக்டரியாகி, 1961-ல் டயர் தயாரிப்பில் இறங்கியது. அந்த எம்.ஆர்.எப். தொழிற்சாலைகளில் ஒன்று பக்கத்திலேயே அரக்கோணத்தில் இருக்கிறது.

டயரின் ஜாதகம்

டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எண்களைப் படிக்கத் தெரிந்துவிட்டால் பாதி ஏமாற்றம் குறையும். சேலையின் முந்தானையில் நூலின் நம்பரைப் பார்த்து வாங்குகிறவர்களுக்கு இது பெரிய வித்தையா?

2020-ஆம் ஆண்டு அக்டோபரில் வெளிவந்த மஹிந்திரா தார் ஜீப்பை எடுத்துக்கொள்வோம். அதன் ஒரு ரகத்தில் 245/75 ஆர் 16 என்ற டயர் வந்தது. 245 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 75 என்பது அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு டயரின் சுவர் உயரம் என்பது. ஆர் என்றால் ரேடியல். உள்ளே இழைகள் ஓடும் விதத்தைக் குறிக்கும். 16 என்பது ரிம்மின் குறுக்களவு, அங்குலத்தில்.

அடுத்தாற்போல் 111 எஸ் என்பது போல் ஒரு குறி இருக்கும். 111 என்றால் அந்த ஒரு டயர் 1,090 கிலோ வரை தாங்கும் என்று பொருள். எஸ் என்றால் மணிக்கு 180 கிலோமீட்டர் வேகம் வரை தாங்கும். புதிதாக வாங்கும் டயரில் இந்த எண்ணும் எழுத்தும் பழையதைவிடக் குறையக் கூடாது.

இன்னொரு நான்கு இலக்க எண் ஒரு சின்னக் கட்டத்துக்குள் ஒளிந்திருக்கும். 2324 என்று இருந்தால் 2024-ஆம் வருஷத்தின் 23-ஆவது வாரத்தில் செய்தது. கடையின் மூலையில் நெடுநாள் கிடந்து காய்ந்த சரக்கைத் 'தள்ளுபடி' என்று தலையில் கட்டுவதுண்டு. மருந்துச் சீட்டியில் தேதி பார்ப்பதுபோல் இதையும் பார்த்துவிடுங்கள்.

பென்சிலை எடுங்கள்

இப்போது ஒரு சின்னக் கணக்கு. 245-ல் நூற்றுக்கு 75 என்றால் சுமார் 184 மில்லிமீட்டர். அது சுவரின் உயரம். மேலே ஒரு சுவர், கீழே ஒரு சுவர், நடுவில் 16 அங்குல ரிம். எல்லாம் கூட்டினால் டயரின் மொத்த உயரம் சுமார் 774 மில்லிமீட்டர்.

பையன் கேட்பது 285/75 ஆர் 16 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே கணக்குப்படி அதன் உயரம் சுமார் 834 மில்லிமீட்டர். வித்தியாசம் 60 மில்லிமீட்டர். ஆனால் வண்டி 60 மில்லிமீட்டர் உயருமா? உயராது! அச்சு இருப்பது சக்கரத்தின் நடுவில். ஆகையால் கூடுகிற உயரத்தில் பாதிதான் வண்டிக்குக் கிடைக்கும். 30 மில்லிமீட்டர், அதாவது ஒன்றே கால் அங்குலம்கூட இல்லை. அந்தத் தார் வண்டிக்குத் தரையிலிருந்து நல்ல இடைவெளியைக் கம்பெனியே கொடுத்திருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

அந்த ஒன்றே கால் அங்குலத்துக்கு என்ன விலை? ரூபாயை அப்புறம் பார்ப்போம். முதலில் மற்ற விலைகள்.

டயரின் உயரம் நூற்றுக்கு ஏறக்குறைய எட்டுப் பங்கு கூடிவிட்டது. ஒவ்வொரு சுற்றிலும் வண்டி அந்த அளவு அதிக தூரம் ஓடுகிறது. வேகமானிக்கு இது தெரியாது. முள் 80-ல் நிற்கும். வண்டி 86-ல் ஓடிக்கொண்டிருக்கும். "நான் மெதுவாகத்தான் போனேன்" என்று பையன் சத்தியம் செய்தால் அவன் பொய் சொல்லவில்லை. முள்தான் பொய் சொல்லியது.

இரண்டாவது, இழுக்கும் சக்தி. சைக்கிளில் பெரிய சக்கரம் போட்டு மேட்டில் மிதித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அதே இன்ஜின், அதே கியர், ஆனால் சுற்ற வேண்டிய சக்கரம் பெரிது. மேட்டில் திணறும், எண்ணெய் கூடக் குடிக்கும்.

மூன்றாவதுதான் முக்கியம்: பிரேக். பெரிய டயர் கனமான டயர். சின்ன ஆட்டுக்கல்லைச் சுற்றிவிட்டுக் கையால் நிறுத்திப் பாருங்கள். பிறகு பெரிய கல்லை நிறுத்திப் பாருங்கள். பிரேக்குக் கை மாறவில்லை; கல்தான் பெரிதாகிவிட்டது. திருவாரூர் ஆழித்தேருக்கு இரும்புச் சக்கரமும் அச்சும் பொருத்தியபோது, திருச்சி பாரத் ஹெவி எலெக்ட்ரிகல்ஸ் நிறுவனத்தார் கூடவே ஹைட்ராலிக் பிரேக்கும் வைத்துக் கொடுத்தார்கள். தேருக்குச் செய்ததை ஜீப்புக்குச் செய்ய வேண்டாமா? ஆனால் டயர் மாற்றுகிற பத்துப் பேரில் எத்தனை பேர் பிரேக்கை நினைக்கிறார்கள்?

நான்காவது சில்லறைத் தொல்லைகள். முழுக்கத் திருப்பினால் டயர் மட்கார்டில் உரசும். பின் கதவில் தொங்கும் ஸ்டெப்னியும் அதே அளவாக இருந்தாக வேண்டும். ஆகவே நான்கு அல்ல, ஐந்து டயர் வாங்க வேண்டும். அந்தக் கனத்தைத் தாங்கிக் கதவின் கீல் தொய்யும்.

முள் டயரா, சாதா டயரா?

உயரம் ஒரு விஷயம். பூ வேறு விஷயம். டயரின் முகத்தில் வெட்டியிருக்கும் பட்டன்களைத்தான் சொல்கிறேன். அதில் மூன்று ஜாதி.

தார் ரோட்டுக்கு ஆனது நெருக்கமான, மெல்லிய வெட்டு உள்ளது. சத்தம் இருக்காது, மழையில் நன்றாகப் பிடிக்கும். சேற்றுக்கு ஆனது பெரிய பெரிய கட்டிகளாக இருக்கும். சேற்றை அள்ளி வெளியே எறியும். ஆனால் தார் ரோட்டில் ஓயாமல் ஊளையிடும். ஈரச் சாலையில் ரப்பர் தரையைத் தொடும் பரப்புக் குறைவு, ஆகவே பிடிப்பும் குறைவு. இரண்டுக்கும் நடுவில் எல்லா வழிக்கும் ஆன ரகம் ஒன்று உண்டு. ஆங்கில எழுத்தில் எச்.டி., எம்.டி., ஏ.டி. என்று கடைக்காரர்கள் இவற்றைச் சொல்வார்கள்.

உங்கள் வண்டி நூறு கிலோமீட்டர் ஓடினால் அதில் எத்தனை கிலோமீட்டர் சேறு? இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லிக்கொண்டால் எந்த ரகம் என்பது தானே விளங்கிவிடும். திருத்தணி மலைக்கோ உச்சி வரை நல்ல சாலை இருக்கிறது. படியேறுகிறவர்களுக்கு வருஷத்துக்கு ஒன்றாக அல்ல, நாளுக்கு ஒன்றாக 365 படிகள்! கீழேதான் வேறு உலகம். கரும்புத் தோட்டத்து வரப்புப் பாதை, ஏரிக்கரைச் செம்மண், கொசஸ்தலையாற்று மணல், மழைக்குப் பிறகு களியாகிவிடும் வண்டிப் பாதை. இவற்றில் தினந்தோறும் போய் வருகிற விவசாயிக்கு நல்ல பிடிப்புள்ள டயர் ஆடம்பரம் அல்ல, அவசியம். அவருக்கும் தேவை பிடிப்புத்தான், உயரம் அல்ல. அதே அளவில் எல்லா வழிக்கும் ஆன ரகம் கிடைத்தால் அவர் காரியம் ஆகிவிடும்.

யானைப் பாதத்தின் ரகசியம்

மணலில் சிக்கும்போது பெரிய டயரைவிட உதவுவது ஒன்று உண்டு. அதற்குக் காசே வேண்டாம். யானை காலை ஊன்றும்போது பாதம் விரிந்து அகலும், தூக்கும்போது சுருங்கும். அதனால் அத்தனை பெரிய உடம்பு சேற்றில் புதைவதில்லை.

டயருக்கும் இதையே செய்யலாம். சாதாரணமாக 30 பவுண்டுக்கு மேல் இருக்கும் காற்றை மணலில் 18 பவுண்டு அளவுக்கு இறக்கினால் டயர் தரையில் நீளமாகப் படிந்து மிதந்து செல்லும். ஆனால் இரண்டு ஜாக்கிரதை. காற்று குறைந்த டயரில் வேகமும் கூடாது, சட்டென்று திருப்பவும் கூடாது. தார் ரோடு ஏறுமுன் மறுபடி காற்று நிரப்பியாக வேண்டும். இல்லாவிட்டால் டயர் சூடேறி வெடிக்கும். நல்ல மீட்டரும் ஸிகரெட் லைட்டர் துளையில் சொருகும் சிறு பம்பும் ஐந்து பெரிய டயர்களின் விலையில் ஒரு மூலைக்குக் காணாது.

தூளியும் அம்மாவின் கையும்

இனி ஸ்பிரிங்குக்கு வருவோம். வில்போல் வளைந்த இரும்புப் பட்டைகளை அடுக்கி வைத்தது பழைய ஜீப்பின் ஸ்பிரிங். புது ஜீப்பில் சுருள் கம்பி. இரண்டுக்கும் வேலை ஒன்றே: கனத்தைத் தாங்குவது, பள்ளத்தில் அமுங்கி எழுவது.

ஆனால் ஸ்பிரிங் தூளியைப்போல. ஒரு தடவை ஆட்டிவிட்டால் ஆடிக்கொண்டே இருக்கும். அதை மெல்லப் பிடித்து நிறுத்தும் அம்மாவின் கைதான் ஷாக் அப்சார்பர். உள்ளே எண்ணெய் இருக்கும். சின்னத் துளை வழியாக அது போய் வருவதால் ஆட்டம் அடங்குகிறது. எண்ணெய் கசிந்துவிட்டால் கை ஓய்ந்துபோயிற்று என்று அர்த்தம். வண்டியின் ஒரு மூலையை அழுத்தி விட்டுப் பாருங்கள். ஓரிரண்டு ஆட்டத்தில் நின்றால் சரி. ஆடிக்கொண்டே இருந்தால் மாற்ற வேண்டும். 'வண்டி தூக்கித் தூக்கிப் போடுகிறது, முதுகு வலிக்கிறது' என்கிற குறைக்குப் பல சமயம் மருந்து இதுதான். கம்பெனி சொன்ன அதே ரகத்தில் புதிதாகப் போட்டாலே போதும். பெரிய ஸ்பிரிங் எதற்கு?

ஸ்பிரிங்கை மாற்றி இரண்டு அங்குலம் தூக்கினால் என்ன நடக்கும்? முதலில் ஒரு வேடிக்கை. பின் அச்சு ஒரே உலக்கைபோல் இருக்கும் வண்டிகளில், அதன் நடுவில் தொங்கும் குண்டுதான் பாறையில் முதலில் இடிக்கும். ஸ்பிரிங் தூக்குவது வண்டியின் உடம்பை. குண்டு இருந்த இடத்திலேயே இருக்கும்! பாவாடையைத் தூக்கிப் பிடித்தால் முழங்கால் உயருமா?

அடுத்தது, குதிகால் உயர்ந்த செருப்பின் கதை. பழக்கமில்லாமல் மாட்டிக்கொண்டு நடந்தால் கணுக்கால் வலிக்கிறது அல்லவா? உடம்பு உயர்ந்ததும் இன்ஜினிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டுகள் கோணலாக நின்று சுழல வேண்டும். அவற்றின் மூட்டுகள் சீக்கிரம் தேயும். பிரேக் குழாய் இழுபடும். முகப்பு விளக்கு எதிரே வருகிறவர் கண்ணைக் குத்தும். உயரம் ஏற ஏற வளைவில் சாயும் குணமும் ஏறும்.

இன்னொரு கேள்வி, பாட்டி கேட்பது: "நான் எப்படிடா கண்ணா இதிலே ஏறுவேன்?" முட்டி வலிக்காரரைக் கேட்காமல் உயர்த்திய வண்டி குடும்ப வண்டி ஆகாது.

சர்க்கார் என்ன சொல்கிறது?

இதுவரை சொன்னது சௌகரியம். இனிச் சொல்வது சட்டம். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுப் புத்தகத்தில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. இந்தப் பிரிவை 2000-ஆம் ஆண்டில் இறுக்கியபோது, அதற்குச் சொன்ன காரணங்களிலேயே பெரிய டயர் மாற்றுவதும் குறிப்பிடப்பட்டது. 2019 ஜனவரி 9-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு, கேரளத்திலிருந்து வந்த வழக்கு ஒன்றில் இதையே உறுதி செய்தது. அதே வருஷம் வந்த திருத்தச் சட்டம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வைத்திருக்கிறது.

அபராதத்தைவிடப் பெரியது இன்ஷூரன்ஸ் சங்கடம். விபத்து என்று ஒன்று நேர்ந்துவிட்டால், கம்பெனிக்குத் தெரிவிக்காமல் செய்த மாற்றத்தைக் காட்டி நஷ்ட ஈட்டைக் குறைக்கவோ மறுக்கவோ இடம் உண்டு. கரடுமுரடு வழி தேடிக் காப்புக் காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவதும் குற்றமே.

அப்படியானால் எதுவுமே மாற்றக் கூடாதா? அப்படியல்ல. அதே தார் வண்டியின் இன்னொரு ரகத்துக்குக் கம்பெனியே 255/65 ஆர் 18 போட்டது. கணக்குப் போட்டால் அதன் உயரம் சுமார் 789 மில்லிமீட்டர். உங்கள் மாடலுக்கு எந்தெந்த அளவை அனுமதித்திருக்கிறார்கள் என்பதை ஓட்டுநர் கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் சீட்டும் கைப்புத்தகமும் சொல்லும். அந்த எல்லைக்குள் நில்லுங்கள்; சந்தேகமானால் வட்டாரப் போக்குவரத்து ஆபீஸில் கேட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள்.

கடைக்குப் போகுமுன்

முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்ள ஐந்து வார்த்தை:

ஒன்று, இருக்கிற டயரின் பூ தேய்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் சட்டப்படியே அது செல்லாத டயர். பள்ளத்தின் அடியில் உள்ள சிறு மேடு தரையோடு சமமாகிவிட்டால் மாற்ற வேண்டிய வேளை வந்துவிட்டது.

இரண்டு, அளவை மாற்றாமல் ரகத்தை மாற்றினால் காரியம் ஆகுமா என்று பாருங்கள். பெரும்பாலும் ஆகும்.

மூன்று, தாங்கும் எண்ணும் வேக எழுத்தும் குறையக் கூடாது.

நான்கு, டயர் மாற்றியதும் சக்கரத்தின் நேர்மையைச் சோதிக்கும் அலைன்மென்ட்டும் பாலன்ஸும் செய்தாக வேண்டும்.

ஐந்து, மிச்சமாகும் பணத்தில் பிரேக்கையும் ஷாக் அப்சார்பரையும் புதுப்பியுங்கள். பார்க்கிறவர்களுக்குத் தெரியாது, உட்காருகிறவர்களுக்குத் தெரியும்.

ஆடிக் கிருத்திகை அன்று திருத்தணி அடிவாரத்தை நினைத்துப் பாருங்கள். மஞ்சள் உடை, புஷ்பக் காவடி, அரோகரா கோஷம், அப்பன் கையை விட்டு ஓடும் குழந்தைகள். அந்தக் கூட்டத்தில் மெல்ல ஊர்ந்து வருகிறது ஒரு ஜீப். மூன்று அங்குலம் உயர்ந்த அதன் முகப்புக்கு முன்னால், இடுப்பளவு உயரமுள்ள ஒரு குழந்தை குறுக்கே ஓடினால், ஓட்டுகிறவர் கண்ணுக்கு அது தெரிய வேண்டும். தெரிந்ததும் காலடியில் பிரேக் பிடிக்க வேண்டும். ஜீப்பின் பலமெல்லாம் அந்த ஒரு நொடியில் நிற்பதில்தான் இருக்கிறது.

விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று நம் பெரியவர்கள் சொன்னது ஜீப்புக்கும் பொருந்தும். பையனிடம் சொல்லுங்கள்: சிங்கம் மாதிரி நிற்பது இருக்கட்டும், பிரேக்கை மிதித்த இடத்தில் நிற்கட்டும்!